ஏழடி நான்கங்குல மாணவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து தேசத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸாக் ஈடியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு ஐந்து வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஐந்து வரி போதவில்லை என்று இம்மாதம் வந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. எனவே இந்த இதழின் பக்கங்களை அவருக்கும், அவரைப் போன்ற மிக உயரமான கல்லூரி ஆட்டக்காரர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

ஈடி எந்த வயதில் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார்? அவ்வளவு உயரமான பையனைச் சிறு வயதிலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்களே?
— ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், மதுரை

நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. 2002 மே 14 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்த ஈடி, அந்த ஊர்ப் பையன்களைப் போலவே பனி ஹாக்கியும், பின்னர் பேஸ்பாலும் ஆடி வளர்ந்தவர். ஏறத்தாழ பத்தாம் வகுப்பில்தான் கூடைப்பந்தை முறையாகக் கையில் எடுத்தார். 2018-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிராடென்டன் நகரிலுள்ள ஐ.எம்.ஜி. அகாடமி என்ற விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். உயரத்தை எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டக்காரராக அவரைப் பார்த்தவர்கள் சிலரே. 2020-இல் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறிய ஆட்டக்காரர்களின் தரவரிசையில் அவருடைய இடம் 400-ஐத் தாண்டியிருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பலர் அவரைக் கடந்து போனார்கள்.

இண்டியானா மாநிலத்தின் வெஸ்ட் லஃபயெட் நகரிலுள்ள பர்டியூ பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நம் ஊரிலிருந்து பொறியியல் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு நன்கு பழகிய பெயர் அது. கூடைக்கு அடியில் ஆடும் நெட்டையான சென்டர்களை வைத்து ஆடும் வழக்கம் அங்கே வெகு காலமாக உண்டு. 1980-இல் அந்த அணியை தேசியப் போட்டியின் அரையிறுதியான இறுதி நால்வர் சுற்றுக்குக் கொண்டுசென்ற ஜோ பேரி கரோல் ஏழடி ஓரங்குலம். 2018 வரை ஆடிய ஐசக் ஹாஸ் ஏழடி இரண்டங்குலம். அவருக்குப் பின் வந்த மாட் ஹார்ம்ஸ் ஏழடி மூன்றங்குலம். 2020-இல் ஹார்ம்ஸ் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனதால், புதிதாக வந்த ஈடிக்கு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே இடம் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததை எண்களே சொல்லும். முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.7 புள்ளிகள், இரண்டாமாண்டில் 14.4, மூன்றாமாண்டில் 22.3, நான்காமாண்டில் 25.2. இந்தக் கடைசி எண் அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமானது. இரண்டாமாண்டில் 40 நிமிட ஆட்டத்தில் அவர் களத்தில் நின்றது சராசரியாக 19 நிமிடங்கள் மட்டுமே. மீதி நேரத்தை ட்ரெவியன் வில்லியம்ஸ் என்ற மூத்த மாணவரோடு பங்கிட்டுக்கொண்டார். மூன்றாமாண்டில் அது 32 நிமிடத்தை நெருங்கியது. அந்த உடலோடு அத்தனை நேரம் ஓட முடிந்ததே ஒரு சாதனை என்பேன். ஏறத்தாழ 135 கிலோ எடையுள்ள ஒருவர் களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, மூச்சு வாங்காமல், ஆறடி ஆட்டக்காரர்களுக்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும். நான் படித்த கல்லூரியில் ஆறடி ஐந்தங்குல மாணவர் ஒருவர் இருந்தார். முதல் பாதியில் அவரைத் தொட ஆளிருக்காது. இரண்டாம் பாதியில் இடுப்பில் கையூன்றி நடுக்கோட்டிலேயே நின்றுவிடுவார். மூச்சு போன உயரம் அணிக்கு உதவுவதில்லை.

கூடைக்கு அடியில் நின்று கையை நீட்டினாலே பந்து விழுந்துவிடுமே, இதில் திறமை எங்கே இருக்கிறது?
— பொறியியல் மாணவர், திருச்சி

இந்தக் கேள்வி அமெரிக்காவில் 80 ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் விதியை மாற்றித்தான் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1940-களில் ஓக்லஹோமா ஏ அண்டு எம் கல்லூரியின் பாப் கர்லண்ட் ஏழடி உயரத்தில் வளையத்துக்கு மேலே கையை உயர்த்தி, உள்ளே விழப்போகும் பந்துகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். டீபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கனும் அதையே செய்தார். கீழிறங்கத் தொடங்கிய பந்தைத் தற்காப்பவர் தொடக் கூடாது என்ற விதி 1944-45 பருவத்தில் வந்தது. விதி வந்த பிறகே கர்லண்டின் அணி 1945-லும் 1946-லும் தேசியப் பட்டம் வென்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மைக்கன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனதும் கூடைக்கு அடியில் தாக்குபவர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலத்தை 1951-இல் ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக்கினார்கள். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் லூ அல்சின்டர், பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், 1967-இல் முதல் பட்டம் வென்ற கையோடு டங்க் செய்வதையே, அதாவது எகிறிப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் திணிப்பதையே, கல்லூரி ஆட்டத்தில் தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடை 1976 வரை நீடித்தது. அல்சின்டரோ மேலும் இரண்டு பட்டங்களை வென்றுவிட்டே போனார். டங்க் இல்லாத குறையைப் போக்க அவர் மெருகேற்றிய உயர் ஹூக் ஷாட்தான் அவருடைய அடையாளமாகவும் ஆனது.

ஈடியின் ஆட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கூடைக்கு முதுகைக் காட்டிக் காலை அகட்டி நின்று, தம் இடுப்பால் எதிராளியை அரையடி அரையடியாகப் பின்னுக்குத் தள்ளி, எந்த இடத்தில் பந்து தம் கைக்கு வர வேண்டுமோ அந்த இடத்தை முதலில் பிடித்துக்கொள்வார். பந்து வந்ததும் அதைத் தாடைக்குக் கீழே இறக்க மாட்டார். இறக்கினால் ஆறடிக்காரர்கள் தட்டிப் பறித்துவிடுவார்கள். நெட்டையானவர்கள் பந்தை இழப்பது பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான். பிறகு ஒரே ஓர் அடி, இடது தோள் எதிராளியின் பக்கம், வலக்கை வளைந்து மேலே போய்த் தலைக்கு மேலிருந்து மெதுவாக விடும் ஹூக். கையிலிருந்து பந்து பிரியும் இடத்தை எட்ட எதிராளிக்கு வழியே இல்லை. இதில் உயரத்தின் பங்கு கடைசி நொடியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள மூன்று நொடியும் கால்களின் பயிற்சி.

இன்னொன்று, ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி தவறிழைத்தால் கோட்டில் நின்று தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு. நெட்டை ஆட்டக்காரர்களை நிறுத்தும் எளிய வழி, அவர்கள் எறியும்போது கையில் அடித்து ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்பிவிடுவது. அங்கே தவறவிடுவார்கள் என்பது கணக்கு. ஈடி தம் நான்காமாண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட ஃப்ரீ த்ரோக்களை எறிந்தார். அவற்றில் நூற்றுக்கு 71 உள்ளே போயின. அந்தக் கணக்கு அவரிடம் பலிக்கவில்லை.

யாரிடம் பலித்தது என்று கேட்பீர்கள். செனகல் நாட்டின் டக்கார் நகரில் பிறந்து, மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 2015 முதல் 2019 வரை ஆடிய டாக்கோ ஃபால், ஈடியைவிட உயரமானவர், ஏழடி ஆறங்குலம். தரையில் நின்றபடி கையை உயர்த்தினால் பத்தடி உயரத்திலுள்ள வளையத்தைத் தாண்டி விரல் போகும். களத்தில் அவர் எறிந்தவற்றில் நூற்றுக்கு 74 உள்ளே விழுந்தன; கல்லூரி ஆட்டத்தில் இது சாதனை அளவு. ஆனால் ஃப்ரீ த்ரோக்களில் பாதிக்கும் குறைவாகவே உள்ளே போயின. 2019 மார்ச் 24 அன்று டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய அணி மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தது. பதினான்கு நொடியே மீதம். ஆறடி ஏழங்குலமுள்ள ஸயன் வில்லியம்சன், ஃபால் நிற்கிறாரே என்று தயங்காமல் நேரே அவர்மீதே பாய்ந்து ஏறிப் பந்தைப் போட்டார். அதே நொடியில் ஃபாலுக்கு ஐந்தாவது ஃபவுல். அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அதற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை வில்லியம்சன் தவறவிட்டார், ஆனால் ஃபால் இல்லாத கூடைக்கடியில் அந்தப் பந்தைப் பிடித்து டியூக் மீண்டும் போட்டுவிட்டது. 77–76. மத்திய ஃபுளோரிடாவின் கடைசி முயற்சி வளையத்தில் உருண்டு வெளியே விழுந்தது.

2023-இல் பர்டியூ யாரோ சிறிய கல்லூரியிடம் தோற்றதாகப் படித்தேன். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஈடி 37 புள்ளி எடுத்தும் தோற்றார்கள். அப்படியானால் உயரத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களா?
— வங்கி ஊழியர், கோவை

இரண்டு தோல்விகளையும் ஒன்றாக வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி வைத்துப் பார்ப்பதுதான் சரி. ஏனென்றால் இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான திட்டத்தோடு வந்து, இரண்டும் வென்றன.

முதலில் பின்னணி. கல்லூரிகளின் தேசியப் போட்டியில் அந்த ஆண்டுகளில் 68 அணிகள் பங்கேற்றன. அணிகளை நான்கு வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக வலுவான அணிக்கு 1 என்று தொடங்கி 16 வரை தரவரிசை எண் கொடுப்பார்கள். தோற்றால் அன்றே வெளியேற்றம். ஈடியின் காலத்தில் பர்டியூ 2021-இல் 13-ஆம் எண் அணியிடமும், 2022-இல் 15-ஆம் எண் அணியிடமும் தோற்றிருந்தது. 2023-இல் பர்டியூவுக்கு 1-ஆம் எண். எதிரே 16-ஆம் எண் பெற்ற ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம்; நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகள் 363-இலும் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அதுதான். 16-ஆம் எண் அணி 1-ஆம் எண் அணியை வென்றது அதுவரை ஆடவர் போட்டியின் வரலாற்றில் ஒரே ஒரு முறை, 2018-இல்.

மார்ச் 17 அன்று ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் அந்தக் குள்ள அணி என்ன செய்தது? ஈடியின் உயரத்தோடு போட்டியிடுவதை முற்றிலும் விட்டுவிட்டது. அவர் தலைக்கு மேலே நடப்பதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, பந்து அவர் கைக்கு வரும் வழியைத் தடுத்தது. அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பந்தை நடத்திக் கொண்டுவந்து கொடுக்கவேண்டிய கார்டுகள் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள்மீது களம் முழுவதும் விடாமல் நெருக்குதல். அவர்கள் இருவரும் முதலாண்டு மாணவர்கள் என்பதையும் எதிரணி அறிந்திருந்தது. ஈடியைச் சுற்றி ஆட்களைக் குவித்ததால் வெளியே பர்டியூவின் மற்றவர்கள் ஆளின்றி நின்றார்கள். எறியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். 26 முறை, கூடையிலிருந்து தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து பர்டியூ ஐந்தை மட்டுமே போட்டது. ஈடி 21 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். ஆனால் ஆட்டத்தின் கடைசி ஒன்பது நிமிடங்களில் களத்திலிருந்து ஒரு முறைகூடக் கூடையை நோக்கி எறியவில்லை. எறிய மறுத்ததால் அல்ல, பந்து வராததால். 63–58.

அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளர் மாட் பெயின்டர், ஓராண்டு முதிர்ந்த அதே கார்டுகள், அதே ஈடி. இப்போது பர்டியூ மூன்று புள்ளி எறிதலில் நாட்டின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்று. ஈடியைச் சுற்றிக் குவிந்தால் வெளியிலிருந்து தண்டனை கிடைக்கும். காலிறுதிக்கு ஒப்பான சுற்றில் டென்னஸியை 72–66 என்று வென்றபோது ஈடி 40 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்தார். பள்ளிக் காலத்தில் தம் பயிற்சியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்களில் டென்னஸியும் உண்டு என்பதை ஆட்டத்துக்குப் பின் அவரே நினைவுபடுத்தினார். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார் என்பது என் எண்ணம்.

2024 ஏப்ரல் 8 அன்று அரிஸோனாவின் கிளெண்டேல் நகரில் இறுதியாட்டம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்திடம் ஏழடி இரண்டங்குலமுள்ள டோனவன் கிளிங்கன் இருந்தார். அவர்கள் செய்தது ஃபேர்லி டிக்கின்சன் செய்ததற்கு நேர் எதிர். ஈடியை ஓர் ஆள் மட்டுமே பார்த்துக்கொள்வது. உதவிக்கு யாரும் போவதில்லை. மற்ற நால்வரும் பர்டியூவின் எறிபவர்களை விட்டு ஓரடிகூட நகர்வதில்லை. ஈடி 37 புள்ளிகள் எடுத்தார். பர்டியூ அன்று முழுவதும் மூன்று புள்ளிக்காக எறிய முடிந்தது ஏழே முறை, போனது ஒன்று. அணியின் மொத்தம் 60; அதில் ஈடியைக் கழித்தால் மீதி நால்வருக்கும் மாற்றாட்டக்காரர்களுக்கும் சேர்த்து 23. கனெக்டிகட் 75.

ஆகவே மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு முறையும் அவர் தம் பங்கை எடுத்தார். ஒரு முறை அவருக்கு வரும் பாதையை அடைத்தார்கள், இன்னொரு முறை அவரிடமிருந்து வெளியே போகும் பாதையை அடைத்தார்கள். 2023 தோல்விக்குப் பின் ஈடியைக் கேலி செய்து எழுதியவர்கள் ஏராளம். பந்தே கொடுக்கப்படாத ஒருவரை எதற்காகக் கேலி செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் மகன் எஃப்-1 விசாவில் அமெரிக்காவில் படிக்கிறான். ஈடியும் அதே விசாவில் இருந்ததால் பணம் சம்பாதிக்க முடியவில்லை என்கிறான். தேசத்தின் முதல் ஆட்டக்காரருக்கே இந்த நிலையா?
— ஒரு தாய், சென்னை

உங்கள் மகன் சொல்வது சரிதான், அம்மா. 2021 ஜூலை 1 முதல், அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. அதற்கு முன் யாருக்கும் இல்லை; அதன்பின் எல்லாருக்கும் உண்டு, வெளிநாட்டு மாணவர்களைத் தவிர. தடை விளையாட்டு விதியில் இல்லை, குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. எஃப்-1 விசாவில் வந்தவர் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்து ஊதியம் பெறக் கூடாது. விளம்பரத்துக்கு நின்று நடிப்பதும் கையெழுத்திட்டு விற்பதும் வேலையாகவே கொள்ளப்படும் என்பதால், அதை மீறினால் விசாவே போய்விடும் என்ற அச்சத்தில் பல்கலைக்கழகங்களின் வழக்கறிஞர்கள் தங்கள் மாணவர்களை விலகியிருக்கச் சொல்கிறார்கள். உங்கள் மகன் வார விடுமுறையில் வெளியே ஓர் உணவகத்தில் வேலை பார்க்க முடியாததற்கு எந்தச் சட்டம் காரணமோ, அதே சட்டம்தான் ஈடிக்கும்.

அவரோடு ஆடிய அமெரிக்க மாணவர்கள், அவரைவிட மிகக் குறைந்த பெயர் உள்ளவர்கள், விளம்பரப் பணம் பெற்றார்கள். ஈடியின் உருவத்தைப் பார்க்கத்தான் பர்டியூவின் மேக்கி அரங்கம் நிறைந்தது. அவருடைய 15-ஆம் எண் சட்டையை அணிந்துதான் சிறுவர்கள் வந்தார்கள். 2023 வசந்தத்தில், என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியின் அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராக எடுக்கும் தேர்வுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் திரும்பப் பெற்று இன்னும் ஓராண்டு படிக்க வந்தபோது, அந்த ஓராண்டும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் வருமானம் தமக்கு இல்லை என்று தெரிந்துதான் வந்தார். அப்படி வந்ததால்தான் பர்டியூ 44 ஆண்டுகளுக்குப் பின் இறுதி நால்வரில் நின்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற, 1970 முதல் ரிக் மவுண்டிடம் இருந்த சாதனையும் அவர் கைக்கு வந்தது. கல்விக் கட்டணமும் உணவும் உறைவிடமும் உதவித்தொகையில் அடங்கியவை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அரங்கை நிரப்புவதற்குத் தடை சொல்லாத சட்டம், அதற்கான பணத்தை வாங்குவதற்கு மட்டும் தடை சொல்வதை நியாயம் என்று நான் எழுத மாட்டேன்.

இரண்டு முறை நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். பிறகு ஏன் தொழில்முறைத் தேர்வில் ஒன்பதாவது இடம்?
— கல்லூரி விளையாட்டு வீரர், தஞ்சாவூர்

ஒன்பதாவது இடமே பலருக்கு வியப்பைத் தந்தது. அதைவிடப் பின்னால் போவார் என்றுதான் பெரும்பாலோர் கணித்திருந்தார்கள். 2024 ஜூனில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணி அவரை எடுத்தது.

ஒரு தலைமுறையில் எவ்வளவு மாறிவிட்டது என்று பாருங்கள். ஈடிக்கு முன் இந்த விருதைத் தொடர்ந்து வென்றவர், ஈடியின் அதே ஏழடி நான்கங்குல உயரமுடைய, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் சாம்ப்சன். 1981, 82, 83 என்று மூன்று முறை. 1983 தேர்வில் அவர் முதல் ஆள். ஆனால் 2021-இன் சிறந்த கல்லூரி ஆட்டக்காரரான லூகா கார்சாவை அணிகள் 52-ஆவதாகத்தான் எடுத்தன. 2022-இன் சிறந்த ஆட்டக்காரரான ஆஸ்கர் ஷீப்வேயை, 2023 தேர்வில் யாருமே எடுக்கவில்லை. இருவரும் கூடைக்கடியில் ஆடுகிறவர்கள். இன்றைய என்.பி.ஏ. ஆட்டம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரந்துவிட்டது. சென்டரும் வெளியே வந்து எறிய வேண்டும், அல்லது வெளியே எறிகிற சென்டரைத் துரத்திப் போக வேண்டும். மேலும் கல்லூரி ஆட்டத்தில் தற்காக்கும் நெட்டையர் கூடைக்கடியில் எவ்வளவு நேரமும் காவல் நிற்கலாம், என்.பி.ஏ.வில் 2001 முதல், யாரையும் மறிக்காமல் மூன்று நொடிக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. ஈடி கல்லூரியில் செய்த வேலையில் பாதிக்கு அங்கே விதியே இடம் தரவில்லை.

இருந்தும் முதற்பருவத்தில் சராசரியாக 9.2 புள்ளிகளும் 8.3 ரீபவுண்டுகளும் எடுத்து, அந்தப் பருவத்தின் சிறந்த புதியவர்கள் ஐவருள் ஒருவராகத் தேர்வானார்.

இந்தியர் யாரேனும் இப்படி அமெரிக்கக் கல்லூரியில் ஆடியிருக்கிறாரா?
— பள்ளி மாணவி, சேலம்

இந்திய வம்சாவளியினர் ஒருவர் ஆடியிருக்கிறார். அவரும் டொராண்டோவில் பிறந்தவர்தான். பஞ்சாபிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகனான சிம் புல்லர், ஏழடி ஐந்தங்குலம். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2012 முதல் இரண்டு பருவங்கள் ஆடி, இரண்டிலும் அணியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுசென்றார். 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். ஆடியது மூன்றே ஆட்டங்கள்.

இந்தியாவிலேயே பிறந்தவர் என்றால் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங், ஏழடி இரண்டங்குலம். 2010-இல், பதினான்கு வயதில், பின்னாளில் ஈடி படித்த அதே ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். ஆனால் கல்லூரிக்குப் போகாமல் நேரே 2015 தேர்வில் நுழைந்தார். டாலஸ் மாவரிக்ஸ் 52-ஆவதாக எடுத்தது, என்.பி.ஏ.வில் எடுக்கப்பட்ட இந்தியாவில் பிறந்த முதல் ஆட்டக்காரர் அவரே. அந்த அணிக்கு அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஈடிக்குப் பர்டியூ கொடுத்த நான்கு ஆண்டுகள், அதாவது முதலாண்டில் 15 நிமிடம், அடுத்து 19, பிறகு 32 என்று கூடிக்கொண்டே போன ஆட்ட நேரம், சத்னாமுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் அந்த வயதுப் பையனுக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

என் மகனுக்கு வயது பதினைந்து, ஆறடி ஐந்தங்குலம். எல்லாரும் கூடைப்பந்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— தந்தை, நாகர்கோவில்

உங்கள் பயத்தில் பொருள் உண்டு. சாம்ப்சனின் தொழில்முறை வாழ்க்கையை முழங்கால்கள் முடித்துவைத்தன. ஈடி 2025 கோடையில் கணுக்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்துக்கு ஆடிய கென்னி ஜார்ஜ், ஏழடி ஏழங்குலம், 2008-இல் கிருமித்தொற்றினால் வலது பாதத்தின் ஒரு பகுதியையே இழந்தார். எடை முழுவதையும் தாங்குபவை பாதமும் கணுக்காலும் முழங்காலும்தான்.

ஆகவே முதலில் எலும்பு மருத்துவர் ஒருவரிடமும் இதய மருத்துவர் ஒருவரிடமும் காட்டுங்கள். அசாதாரண உயரத்துக்குப் பின்னால் சில வேளை இதயத்தின் பெருந்தமனியைப் பாதிக்கும் மார்ஃபன் நோய்க்குறி போன்றவை இருக்கலாம். பேலர் பல்கலைக்கழகத்தின் ஐசயா ஆஸ்டினுக்கு, ஏழடி ஓரங்குலம், 2014 தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அது தெரியவந்தது. சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் பையனைக் கேளுங்கள். ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்த ஈடியை எத்தனை பேர் கூடைப்பந்துக்கு இழுத்திருப்பார்கள்! பதினைந்து பதினாறு வயதில் தொடங்கியும் அவருக்கு நேரம் இருந்தது. உங்கள் மகனுக்கும் இருக்கிறது.

ஈடியைவிட உயரமானவர் இப்போது யார்?
— பலர்

2024-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒலிவியே ரியு, ஏழடி ஒன்பதங்குலம். இவரும் கனடாக்காரர், க்யூபெக் மாகாணம், இவரும் ஐ.எம்.ஜி. அகாடமி மாணவர். 2024-25 பருவம் முழுவதும் ஆடாமல் பயிற்சியில் மட்டும் இருந்தார். அந்தப் பருவத்தில்தான் அவருடைய அணி தேசியப் பட்டம் வென்றது. அவருடைய கதையை எழுத இன்னும் நாள் இருக்கிறது.

ஈடி ஏணி இல்லாமல் கூடையின் வலையை வெட்டினாராமே, உண்மையா?
— ஆறாம் வகுப்பு மாணவன், ஈரோடு

உண்மை, தம்பி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வட்டாரப் பட்டம் வென்றதும் கூடைக்கு அடியில் ஓர் ஏணியை வைத்து, ஆட்டக்காரர் ஒவ்வொருவராக ஏறிக் கத்தரிக்கோலால் வலையின் ஓர் இழையை வெட்டித் தமக்கு வைத்துக்கொள்வார்கள். 2024 மார்ச் 31 அன்று டெட்ராய்ட்டில் டென்னஸியை வென்றபின் பர்டியூ அணியினரும் அப்படியே ஏறி ஏறி வெட்டினார்கள். ஈடியின் முறை வந்தபோது ஏணி தேவைப்படவில்லை. தரையில் நின்றபடியே கையை மேலே நீட்டி, கத்தரிக்கோலை வலைக்குக் கொடுத்து வெட்டிக்கொண்டார்.